மாடல்களைப் படம் எடுப்பதில் கிடைக்கும் படைப்பின்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் போர்ட்ரெய்ட்டும் சேலை ஷூட்டும் எடுத்துப் பிழைக்கிறேன். கேமரா வாங்கிய கையோடு "மாடல் வைத்து எடுக்க ஆசை" என்று வரும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஓரிடத்தில் எழுதிவைத்தால் உதவும் என்று தோன்றியது.

படம் எடுக்க உலகத்தில் எவ்வளவோ இருக்கிறது. மாடலை வைத்து எடுப்பதில் தனியாக என்ன கிடைக்கிறது?

தெருவில் எடுக்கும்போது தெரு கொடுப்பதை வாங்கிக்கொள்கிறோம். மேசையில் பழத்தையும் செம்பையும் அடுக்கி எடுத்தால் எல்லாமே நம் இஷ்டம். மாடலோடு வேலை செய்யும்போது பாதி நம் கையில், பாதி எதிரில் நிற்பவர் கையில். இடம், ஒளி, உடை எல்லாவற்றையும் நான் முடிவு செய்யலாம். கழுத்து எந்த அளவு திரும்ப வேண்டும், பார்வை எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை அந்த நொடியில் முடிவு செய்பவர் அவர். வீட்டில் யோசித்துவைத்த படம் ஒன்று, அவர் கொடுத்தது வேறொன்று, இரண்டாவதுதான் மேல் என்று கேமராத் திரையிலேயே தெரிந்துவிடும் நாள்கள் உண்டு. அந்த நாள்களுக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

இதற்குப் பெரிய உதாரணம் 1955 ஆகஸ்டில் பாரிஸின் சிர்க் திவேர் சர்க்கஸ் கூடத்தில் அமெரிக்கப் புகைப்படக்கலைஞர் ரிச்சர்ட் அவடான் எடுத்த படம். டொவிமா என்ற மாடல் டியோர் என்ற பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனத்தின் கறுப்பு மாலை உடையில் யானைகளுக்கு நடுவே நிற்கிறார். உடையை வடிவமைத்தவர் அப்போது டியோரிடம் உதவியாளராக இருந்த இளைஞர் ஈவ் சான் லோரான். கூரைக் கண்ணாடி வழியாக இறங்கிய பகல் வெளிச்சத்தைப் பார்த்த உடனே அங்கேயே எடுப்பது என்று அவடான் தீர்மானித்தார். ஆனால் காலில் சங்கிலியோடு அசைந்துகொண்டிருக்கும் யானைகளுக்கு இடையே, அச்சத்தின் சாயல் கூட இல்லாமல் உடம்பை ஒரே வளைகோடாக நிறுத்தியவர் டொவிமா. அதை எந்த லென்ஸும் செய்து தராது. இடுப்பிலிருந்த வெள்ளைப் பட்டை இடப்பக்கம் பறந்திருந்தால் கோடு முழுமையாகியிருக்குமே என்று அவடான் பல ஆண்டுகளுக்குப் பிறகும் வருத்தப்பட்டிருக்கிறார். உலகமே கொண்டாடிய படத்தில் அதை எடுத்தவருக்கு இன்னும் ஒரு குறை தெரிகிறது என்றால், இந்தக் கலையில் தேடல் எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள்.

மாடல் சும்மா நிற்கிறார். உழைப்பெல்லாம் புகைப்படக்காரருடையது தானே?

ஒரு நல்ல மாடல் வேலை செய்வதை ஒருமுறை பக்கத்திலிருந்து பாருங்கள், இந்தக் கேள்வி வராது. ஒரு காலில் எடையைப் போடுகிறார், எதிர்ப்பக்க இடுப்பு இறங்குகிறது, அதற்கு ஈடாகத் தோள் ஒன்று ஏறுகிறது. மெதுவாக மூச்சை விடுகிறார், கழுத்து நீள்கிறது. நெற்றியை அரை அங்குலம் முன்னால் கொண்டுவந்து மோவாயைச் சற்றே இறக்கியதும் தாடைக்கோடு கூர்மையாகிறது. விரல்களில் எங்கேயும் இறுக்கம் இல்லை. ஒளி எங்கிருந்து வருகிறது என்பதைக் கன்னத்தில் விழும் சூட்டிலேயே உணர்ந்து, நான் சொல்வதற்கு முன்பே முகத்தை அந்தப் பக்கம் கொடுக்கிறார். இவ்வளவும் ஒரு கிளிக்குக்கும் அடுத்த கிளிக்குக்கும் இடையில் நடந்து முடிந்துவிடுகிறது.

இப்படிப்பட்டவரோடு அரை நாள் வேலை செய்தால், ஒளியைப் பற்றி ஒரு மாதம் படித்ததைவிட அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.

போர்ட்ரெய்ட், ஃபேஷன் இரண்டில் எதில் தொடங்கலாம்?

போர்ட்ரெய்ட்டில். ஆள் ஒருவர், ஜன்னல் ஒன்று, நாற்காலி ஒன்று போதும். ஃபேஷனில் உடையும் ஒரு பாத்திரம். மேக்கப் ஆர்டிஸ்ட், ஹேர், ஸ்டைலிஸ்ட் என்று ஆள் கூடும்; எல்லோரையும் ஒரே எண்ணத்துக்குக் கொண்டுவர வேண்டும். முகத்தோடு பேசப் பழகிய பிறகு அந்தப் பக்கம் போவது நல்லது.

ஆனால் இரண்டுக்கும் நடுவே நாம் போடும் கோடு அவ்வளவு உறுதியானது கிடையாது. அமெரிக்கப் புகைப்படக்கலைஞர் இர்விங் பென் 1948-இல் வோக் இதழுக்கு ஃபேஷன் படம் எடுக்கப் பெரு நாட்டுக்குப் போனார். வேலை முடிந்ததும் குஸ்கோ நகரத்தில் உள்ளூர் ஸ்டுடியோ ஒன்றைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் வாடகைக்கு எடுத்துக்கொண்டார். பண்டிகைக்குக் குடும்பப் படம் எடுத்துக்கொள்ள வந்த மலையூர் மக்கள் பணம் கட்டத் தயாராக வந்தார்கள். பென் அவர்களுக்குப் பணம் கொடுத்து நிற்கவைத்தார். ஃபேஷன் மாடலுக்குக் கொடுத்த அதே கவனத்தை, அதே எளிய பின்திரையை, அதே பகல் ஒளியைக் கம்பளி போர்த்திய அந்த மக்களுக்கும் கொடுத்தார். போர்வையின் மடிப்பு, தொப்பியின் சாய்வு, நிற்கிற நிமிர்வு எல்லாம் ஃபேஷன் படத்தின் துல்லியத்தோடு பதிவாகியிருக்கும். உடையைப் பார்க்கத் தெரிந்த கண் முகத்தையும் நன்றாகப் பார்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தொழில்முறை மாடலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. யாரை வைத்து எடுப்பது?

சுற்றி இருப்பவர்களை. புகைப்படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கேமராவோடுதான் தொடங்கினார். அவர் படங்களில் கன்னி மரியாளாகத் திரும்பத் திரும்ப வரும் மேரி ஹில்லியர் அவர் வீட்டில் வேலை செய்த பெண். ரசாயனம் பூசிய ஈரக் கண்ணாடித் தகட்டில் படம் பதிய நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டிய காலம் அது. அந்த நீண்ட நேரமே முகத்தில் ஒரு மென்மையைக் கொண்டுவந்தது. கேமரன் பிற்காலத்தில் இலங்கைக்குக் குடிபெயர்ந்து களுத்துறையில் வாழ்ந்தார், அங்கேயும் சுற்றி இருந்த மக்களை எடுத்தார். 1879-இல் மலையகத்தில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார்.

பரதம் ஆடும் தங்கை, நாடகக்குழு நண்பர், கல்லூரியில் ராம்ப் வாக் போன தோழி, உங்கள் அத்தை என யாரும் ஆகலாம். நடனம் கற்றவர்களிடம் எனக்குத் தனிப் பிரியம். உடம்பின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று கண்ணாடி பார்க்காமலே அவர்களுக்குத் தெரியும்.

நம்மூர் ஃபேஷன் என்றால் பட்டுச்சேலை. அதை எடுப்பதில் படைப்புக்கு இடம் இருக்கிறதா? எல்லாக் கேட்டலாக்கும் ஒரே மாதிரி இருக்கிறதே?

ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், முன்னாலிருந்து சமமாக வெளிச்சத்தைக் கொட்டி எடுப்பது. பட்டுச்சேலையை அப்படி எடுத்தால் அது வெறும் வண்ணத் துணியாகிவிடும்.

மயில்கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு (நீள இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) வேறு நிறம். நீலமும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று ஓடுவதால் நேராகப் பார்த்தால் ஒன்று, சாய்த்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். முன்னாலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் இரண்டும் கலந்து ஒரே நிறமாக விழுந்துவிடும். ஒளியைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய், மாடலை மெல்ல இடுப்பிலிருந்து திரும்பச் சொல்லுங்கள். கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை வந்து நிற்கும். நெசவாளர் தறியில் செய்த வேலை அப்போதுதான் படத்துக்குள் வருகிறது.

ஜரிகை இன்னும் சுவாரசியமானது. அது உலோகம், கண்ணாடி மாதிரி எதிரில் இருப்பதைத்தான் காட்டும். சின்ன விளக்கு எதிரில் இருந்தால் அங்கங்கே வெள்ளைப் புள்ளியும் மிச்சமெல்லாம் கறுப்புமாகத் தெரியும். பெரிய வெள்ளைத் தெர்மாகோல் ஷீட்டைச் சரியான கோணத்தில் பிடித்தால் கரை முழுவதும் பொன்னாக விரியும். உதவிக்கு ஒருவர் ஷீட்டை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வர, நான் வியூஃபைண்டரில் பார்த்துக்கொண்டு "அங்கேயே நிறுத்துப்பா" என்று சொல்லும் அந்த இடம், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அலுக்கவில்லை.

இன்னொன்று கனம். நல்ல காஞ்சிப் பட்டு காற்றில் பறக்காது. ஷிஃபானுக்குப் பிடிக்கும் விசிறியை அதற்குப் பிடித்துப் பயனில்லை. அந்தக் கனத்தையே பயன்படுத்துங்கள்: தரையில் உட்கார்ந்து முந்தானையை விரிக்கச் சொல்லலாம், படியிறங்கச் சொல்லலாம். மாடல் அடியெடுத்து வைக்கும்போது கொசுவம் ஒரு கணம் பின்தங்கி வந்து சேரும். அந்தப் பின்தங்கலில்தான் அசைவு தெரியும். செட்டிநாட்டுக் கண்டாங்கிப் பருத்திக்கு இது பொருந்தாது. அதன் விறைப்பும் கட்டங்களும் கோணங்கள் தெரிகிற, நிமிர்ந்த, கூர்மையான போஸ்களைக் கேட்கும். துணியே பாதிப் போஸைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

எவ்வளவு லைட் வாங்க வேண்டும்?

முதலில் எதுவும் வேண்டாம். நேர் வெயில் விழாத ஜன்னல் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். மாடலை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்தால் முகத்தில் பாதி ஒளி, பாதி நிழல். இருட்டுப் பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் வைத்தால் நிழல் இளகும், கறுப்புத் துணி தொங்கவிட்டால் இன்னும் ஆழமாகும். இருட்டுப் பக்கக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு ஒளி முக்கோணம் விழும் வரை முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். ஓவியர் ரெம்ப்ராண்ட் பெயரால் வழங்கும் ஒளியமைப்பு இதுதான். ஜன்னலிலிருந்து ஓரடி நகர்ந்தாலே வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்பதையும் கவனியுங்கள். தூரம் இரட்டிப்பானால் விளக்கின் ஒளி நாலில் ஒரு பங்காகும் என்ற விதி பெரிய ஜன்னலுக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும், பக்கத்தில் வேகமாக விழும், தள்ளிப் போகப் போகச் சமமாகும் என்ற குணம் அங்கேயும் உண்டு.

இடம் என்று பார்த்தால், நம்மிடம் இருக்கும் மிக அருமையான இயற்கை ஸ்டுடியோ காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் வளவு. உச்சி வெயில் திறந்த முற்றத்தில் நேராக விழுந்து தரையில் பட்டுத் தெறிக்கும். மாடலைத் தூணுக்கு இந்தப் பக்கம், கூரை நிழலில், முற்றத்தைப் பார்த்து நிறுத்துங்கள். ஒளி முன்னாலிருந்தும் கொஞ்சம் கீழிருந்தும் எழும்பி வரும். கண்ணுக்குக் கீழ் விழும் கருநிழல் கரைந்துபோகும், கருவிழியில் முற்றமே ஒரு வெள்ளைச் சதுரமாகத் தெரியும். பின்னால் பர்மா தேக்குத் தூண்களும் அறைகளும் தானாக இருட்டுக்குப் போய்விடும். பகல் 12 மணிக்கு வெளியே யாரும் எடுக்கத் துணியாத நேரத்தில் இங்கே மிக மென்மையான போர்ட்ரெய்ட் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: தரையில் பதித்த ஆத்தங்குடி ஓடு சிவப்பாக இருந்தால் அந்தச் சிவப்பும் தெறித்து மோவாய்க்கு அடியில் ஏறும். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் மாடலின் காலடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடலாம்.

எந்த லென்ஸ்?

85 மி.மீ. எஃப் 1.8 இருந்தால் நல்லது, 50 மி.மீ. போதும். முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது தூரம். அரை மீட்டரில் நின்றால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் ஓடும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் முகம் நாம் நேரில் பழகிய விகிதத்துக்கு வரும். செல்போனில் எடுத்தாலும் இதே கணக்கு. பின்னால் போய் 2 எக்ஸ், 3 எக்ஸ் லென்ஸில் எடுங்கள்.

மாநிறம், கறுப்பு நிறத்தவரை எடுத்தால் முகம் சாம்பல் பூத்தது போல வருகிறது. ஏன்?

தோலில் எந்தக் குறையும் இல்லை. கேமராவும் பழக்கமும்தான் காரணம்.

ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் அனுப்பிய அட்டைகளுக்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அதில் பல பத்தாண்டுகளாக இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கருநிறத் தோலின் நுட்பம் பதியவில்லை என்ற குறை நீண்ட நாள் கேட்கப்படவே இல்லை. சாக்லேட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும் பழுப்பு நிற வேறுபாடு படத்தில் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகுதான் ஃபிலிமில் அதற்கான மாற்றம் வேகம் பிடித்தது. 1990-களில்தான் பல நிறத்தவரும் இருக்கும் அட்டை வந்தது. மனித முகத்துக்காக நடக்காதது மரப்பலகைக்காக நடந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இப்போதைய சிக்கல் வேறு. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். வெள்ளை வேட்டியோ சந்தன நிறப் பட்டோ ஃப்ரேமில் நிறைந்திருந்தால் அதைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருட்டில் மூழ்கும். முகத்தையே நெருக்கமாக எடுத்தால் ஏற்றிவிடும், ஆழமான நிறம் வெளுத்துப்போகும். அதனால் ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் முகத்தை அளந்து, நேரில் காணும் ஆழம் திரையில் வரும் வரை நீங்களே சரிசெய்யுங்கள். பெரிய ஒளிமூலத்தைப் பக்கவாட்டில் வையுங்கள். கருந்தோலின் அழகு நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் ஓடும் பளபளப்பில் இருக்கிறது. ஒளி தோலுக்குள் போவதை அல்ல, அதன் மேல் வழுக்கிப் போவதை எடுக்க வேண்டும். பவுடரைப் போட்டு அந்தப் பளபளப்பை அணைக்காதீர்கள். கழுத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பாக ஃபவுண்டேஷன் பூசப்பட்டிருந்தால் மேக்கப் ஆர்டிஸ்ட்டிடம் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். சாம்பல் பூப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

2017-இல் சென்னையைச் சேர்ந்த புகைப்படக்கலைஞர் நரேஷ் நிலும் விளம்பரப்பட இயக்குநர் பரத்வாஜ் சுந்தரும் சேர்ந்து 'டார்க் இஸ் டிவைன்' என்ற படத்தொடரை வெளியிட்டார்கள். லட்சுமி, சரஸ்வதி, முருகன், சிவன் எல்லோரும் கருநிற மாடல்கள். காலண்டரில் வெளுத்த முகத்தோடு பார்த்துப் பழகிய தெய்வங்கள் நம் வீட்டு நிறத்தில் வந்து நின்றார்கள். மாடல் தேர்வே ஒரு கருத்தாகவும் கலையாகவும் ஆக முடியும் என்று காட்டிய வேலை அது.

கேமராவைப் பார்த்ததும் விறைத்துப்போகிறவரை எப்படி இயல்பாக்குவது?

"இயல்பா இருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே எல்லோரும் இன்னும் விறைப்பார்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: பூத்தொடுக்க, வளையலைச் சரிசெய்ய, சட்டைக் கையை மடித்துவிட. கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிப் பேசுங்கள். நான் பெரும்பாலும் அவர்கள் படித்த பள்ளி, ஊர்த் திருவிழா பற்றிக் கேட்பேன்; பதில் சொல்லி முடித்த பிறகு வரும் அந்த ஒரு விநாடி மௌனத்தில் முகம் தன் சொந்த நிலைக்குத் திரும்பும், அங்கேதான் ஷட்டர். எடுத்த படத்தில் நன்றாக வந்ததை அவ்வப்போது காட்டுங்கள். "அட, நானா இது!" என்று ஒருமுறை சொல்லிவிட்டார் என்றால் பிறகு உங்களுக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும். மௌனமாக எடுத்துக்கொண்டே போனால் எதிரில் நிற்பவர் தான் ஏதோ தவறு செய்கிறோம் என்றுதான் நினைப்பார். வாயைத் திறந்து பாராட்டுங்கள்.

மாடலாக இருந்தவர்கள் கேமராவுக்குப் பின்னால் வந்ததுண்டா?

நிறைய. லீ மில்லர் 1927-இல் வோக் அட்டையில் வந்தவர். பிறகு பாரிஸில் புகைப்படக்கலைஞர் மான் ரேயோடு வேலை செய்து தானே புகைப்படக்கலைஞராகி, இரண்டாம் உலகப்போரை பிரிட்டிஷ் வோக் இதழுக்காகக் களத்தில் நின்று எடுத்தார். சாரா மூன் மாடலாக இருந்து கேமராவை எடுத்தவர். பிரெல்லி என்ற இத்தாலிய டயர் நிறுவனத்தின் 1972 காலண்டரை எடுத்ததன் மூலம் அந்தக் காலண்டரின் முதல் பெண் புகைப்படக்கலைஞர் ஆனார். மங்கலும் துகளுமாகக் கனவுபோல் இருக்கும் அவர் படங்களில் பெண்கள் யாருக்கோ காட்டிக்கொண்டு நிற்பதாகவே தோன்றாது. நீங்களும் ஒருநாள் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். ஒரு போஸை மூன்று நிமிடம் பிடிப்பது என்னவென்று தெரியும்.

கடைக்காரரும் கம்பெனியும் சொன்னதைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இதில் நம்முடையது என்று என்ன இருக்கிறது?

ஜெர்மானியரான பீட்டர் லிண்ட்பெர்க் 1988-இல் சான்ட்டா மோனிகா கடற்கரையில் சில இளம் மாடல்களுக்கு வெறும் வெள்ளைச் சட்டை கொடுத்து, மேக்கப்பைக் குறைத்து, சிரித்து விளையாடவிட்டு எடுத்தார். அப்போதைய அமெரிக்க வோக் அதைப் போட விரும்பவில்லை. பெரிய கூந்தலும் பளபளப்புமாக இருந்த காலம். 1990 ஜனவரி பிரிட்டிஷ் வோக் அட்டைக்கு நவோமி கேம்ப்பெல், லிண்டா எவாஞ்சலிஸ்டா, டாட்யானா பாட்டிட்ஸ், கிறிஸ்டி டர்லிங்டன், சிண்டி க்ராஃபர்ட் ஐவரையும் நியூயார்க்கில் சேர்த்து, கறுப்பு வெள்ளையில், அதே எளிமையில் எடுத்தார். ஒரு தலைமுறை மாடல்களின் அடையாளமாக அந்த அட்டைதான் நிலைத்தது.

அதனால் நான் சொல்வது: கேட்டலாக் கேட்கிற படங்களை முழு மனதோடு, சுத்தமாக முடித்துக் கொடுங்கள். மாடலும் மேக்கப்பும் ஒளியும் தயாராக இருக்கும் அந்தக் கடைசி 20 நிமிடத்தில், உங்களுக்கென்று ஒரு படம் எடுக்க முன்கூட்டியே அனுமதி கேட்டு வையுங்கள். இந்தியாவில் இதழ்ப் பக்கங்களிலும் காலண்டர்களிலும் சுதந்திரமாகச் செய்ய இடம் உண்டு. சென்னைப் புகைப்படக்கலைஞர் ஜி. வெங்கட் ராம் 2020-இல் 'நாம்' என்ற அறக்கட்டளையின் காலண்டருக்காக ராஜா ரவிவர்மா ஓவியங்களை நடிகைகளை வைத்துப் புகைப்படமாக மறு ஆக்கம் செய்தது பலருக்கு நினைவிருக்கும். ஓவியத்தில் எங்கிருந்து ஒளி வருகிறது என்று தெரிந்துகொண்டு அதைக் கட்டுவது எப்பேர்ப்பட்ட பயிற்சி! நீங்களும் வீட்டிலேயே ஒரே ஒரு ஓவியத்தை வைத்து முயன்று பாருங்கள்.

'கொலாப்' என்று பணமில்லாமல் எடுக்கலாமா? படம் யாருக்குச் சொந்தம்?

இரு தரப்பும் கற்றுக்கொள்ளும் நிலையில் இருந்தால் எடுக்கலாம். படம் உங்களுக்கும் அவருக்கும் போர்ட்ஃபோலியோவுக்கு உதவும். யாராவது ஒருவர் அதில் சம்பாதிக்கப்போகிறார் என்றால் அது கொலாப் இல்லை. மாடலுக்கும் மேக்கப்காரருக்கும் சம்பளம் கொடுங்கள்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி பொதுவாகப் படத்தின் முதல் உரிமையாளர் அதை எடுத்தவர். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து உங்களை எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை அவருக்குப் போகிறது. பலருக்கும் இது தெரியாது. ஆகவே எந்த ஷூட்டானாலும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: படம் எங்கெங்கே வரும், எத்தனை நாளில் எத்தனை படம் தருவீர்கள், விளம்பரத்துக்குக் கொடுக்கலாமா, யார் பெயர் எப்படிப் போடப்படும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், பெற்றோர் ஷூட்டில் உடனிருக்கவும் வேண்டும்.

பெண் மாடல்கள் தனியாக வரத் தயங்குகிறார்களே?

தயங்குவது நியாயம். அந்தத் தயக்கத்தைப் போக்கும் பொறுப்பு முழுக்க நம்முடையது. "கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று நாமே முதலில் சொல்ல வேண்டும். இடம், நேரம், உடை, யார் யார் இருப்பார்கள் எல்லாவற்றையும் முந்தைய நாளே எழுத்தில் அனுப்புங்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் அறை இல்லாத இடத்தில் ஷூட் வைக்காதீர்கள். முந்தானையோ முடியோ சரிசெய்ய வேண்டுமென்றால் வாயால் சொல்லுங்கள், அல்லது ஸ்டைலிஸ்ட்டிடம் சொல்லுங்கள்; கை வைக்காதீர்கள். பேசிக்கொள்ளாத உடையையோ போஸையோ அங்கே வைத்துக் கேட்காதீர்கள். ஒரு படம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்கவும் வேண்டியதில்லை. இவற்றை மீறுகிறவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் அவரிடம் வேலைக்குப் போகாதீர்கள் என்று என்னிடம் உதவியாளராக வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

பயம் இல்லாத முகத்தில்தான் விளையாட்டும் துணிச்சலும் வரும்.

மாமல்லபுரம், புதுச்சேரி போன்ற இடங்களில் எடுக்கலாமா?

எடுக்கலாம். தொல்லியல் துறைச் சின்னங்களில் ட்ரைபாட் வைக்கவும் வணிகப் படப்பிடிப்புக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். புதுச்சேரியின் மஞ்சள் சுவர்த் தெருக்கள் மக்கள் குடியிருக்கும் தெருக்கள், வாசலை மறிக்காதீர்கள். கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால் விடியற்காலையே நல்ல நேரம். மாலையில் அதே கரையில் வெயில் நிலத்துப் பக்கமிருந்து வரும், கடல் அடர்நீலப் பின்திரையாக மாறும்.

எடுத்த படத்தைத் திருத்தும் ரீடச் வேலை எந்த அளவு?

நாளைக்கு மறைந்துபோகும் பருவை எடுக்கலாம். மச்சம், தழும்பு, சிரிப்புக்கோடு அவருடையவை. தோலின் நுண்துளைகளை வழித்தெடுத்து மெழுகாக்குவதும், இடுப்பை ஒடுக்குவதும், நிறத்தை வெளுப்பதும் நான் செய்வதில்லை. துணியிலும் அப்படித்தான்: சேலையின் உண்மையான நிறம் மாறினால் வாங்குகிறவரை ஏமாற்றியதாகும்.

ஏ.ஐ. மாடல் வந்துவிட்டது. இனி இந்தக் கலைக்கு வேலை இருக்கிறதா?

2025 ஆகஸ்ட் அமெரிக்க வோக் இதழில் கெஸ் என்ற உடை நிறுவனத்தின் விளம்பரமே ஏ.ஐ. உருவாக்கிய பெண்ணோடு வந்தது. மலிவான கேட்டலாக் வேலைகளில் ஒரு பகுதி போகும் என்றுதான் நினைக்கிறேன், அது பலரின் பிழைப்பைத் தொடும் விஷயம். ஆனால் நாம் இங்கே பேசுவது எடுக்கும் இன்பத்தைப் பற்றி. கணினியிடம் கேட்டால் கேட்டது வரும். "அண்ணா, இப்படித் திரும்பி உக்காந்தா நல்லா இருக்குமா?" என்று கேட்டு, நான் நினைத்தே பார்க்காத ஒரு படத்தை அது கொண்டுவராது.

ஒரே மாடலைத் திரும்பத் திரும்ப எடுக்கலாமா? புதுமுகம் தேடுவது நல்லதா?

இரண்டும் வேண்டும். ஆனால் திரும்ப எடுப்பதன் பலனை இளையவர்கள் குறைத்து எடைபோடுகிறார்கள். முதல் ஷூட்டில் ஒருவரின் நல்ல பக்கத்தைக் கண்டுபிடிக்கிறோம். நாலாவது ஐந்தாவது ஷூட்டில் அவர் யாருக்கும் காட்டாத பக்கம் வருகிறது. அமெரிக்கரான நிக்கலஸ் நிக்சன் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் 2022 வரை ஆண்டுதோறும் ஒரே வரிசையில் நிற்கவைத்து எடுத்தார். அவர்கள் யாரும் தொழில்முறை மாடல்கள் கிடையாது. அந்தத் தொடரைப் பார்க்கும்போது, ஒரு முகத்தோடு ஆயுள் முழுக்க வேலை செய்தாலும் அது தீர்ந்துபோகாது என்று புரியும்.

ஒரு ஷூட்டில் நூற்றுக்கணக்கில் படம் சேர்ந்துவிடுகிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

எடுத்த அன்றைக்கே தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று நாம் பட்ட பாடுதான் கண்ணில் நிற்கும், படம் தெரியாது. சில நாள் கழித்து, முதலில் சின்ன அளவில் எல்லாவற்றையும் பரப்பிப் பாருங்கள்; அந்த அளவிலும் இழுக்கிற படத்தில் ஒளியும் உருவமும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு கண்களைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸைச் சரிபாருங்கள். போஸுக்கும் போஸுக்கும் இடையில் விழுந்த ஃப்ரேம்களை அழித்துவிடாதீர்கள். முடியை ஒதுக்கும்போது, சிரிப்பு அடங்கும்போது வந்தவற்றில்தான் பல சமயம் அன்றைய நல்ல படம் இருக்கும். கடைசிப் பத்தை மாடலோடு உட்கார்ந்து பாருங்கள். அவர் தேர்ந்தெடுப்பதும் நீங்கள் தேர்ந்தெடுப்பதும் வேறுபட்டால் ஏன் என்று கேளுங்கள். அடுத்த ஷூட்டுக்கான யோசனை பெரும்பாலும் அந்தப் பேச்சிலிருந்துதான் எனக்குக் கிடைத்திருக்கிறது. இருவரும் ஒத்துக்கொண்டதை 8-க்கு 12 அங்குலத்தில் இரண்டு பிரிண்ட் போட்டு, ஒன்றை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.